ஆர்என்ஏ-சீக் கற்க வரும் உயிரியல்காரர்கள் கேட்கும் கேள்விகள்

உயிரியல் ஆய்வு மாணவர்களுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஆர்என்ஏ-சீக் (ஆர்என்ஏ சீக்வென்சிங்) வழியாக மரபணு வெளிப்பாட்டு ஆய்வு செய்வதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வகுப்பில் "டவுட் இருக்கா?" என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. டீ இடைவேளையில் ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "சார், ஒரு சில்லி டவுட்" என்று ஆரம்பிப்பார். அந்தச் 'சில்லி' டவுட்டுகள்தான் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஆர்என்ஏ-சீக்ல நாம உண்மையில அளக்கிறது என்ன?

ஒரு மரபணுவின் ஆர்என்ஏ படிகள் அந்த நேரத்தில் செல்லில் எவ்வளவு இருந்தன என்பதற்கான மறைமுகமான கணக்கு. நீங்கள் பிரித்தெடுக்கும் மொத்த ஆர்என்ஏவில் 80 முதல் 90 சதவீதம் ரைபோசோம் ஆர்என்ஏ. அது வேண்டாம் என்பதால், பாலி-ஏ வாலைப் பிடித்து எம்ஆர்என்ஏவை மட்டும் எடுப்பார்கள், அல்லது ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்குவார்கள். பாக்டீரியா வேலை செய்பவர்களுக்கு இரண்டாவது வழிதான். பாலி-ஏ கிட் அங்கே எடுபடாது. பிறகு அதை சிடிஎன்ஏ துண்டுகளாக்கி, கருவி பெரும்பாலும் 100 அல்லது 150 எழுத்து நீளத்துக்குப் படிக்கிறது. படிக்கப்பட்ட ஒவ்வொரு துண்டும் ஒரு ரீட். எந்த ரீட் எந்த மரபணுவுடையது என்று பார்த்து எண்ணினால் ஓர் அட்டவணை கிடைக்கும்: வரிக்கு ஒரு மரபணு, நெடுவரிசைக்கு ஒரு மாதிரி, கட்டத்துக்குள் ஒரு முழு எண்.

அந்த எண் ஒரு பங்கு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மாதிரிக்கு 2 கோடி ரீட் வாங்கினால், அந்த 2 கோடியைத்தான் எல்லா மரபணுக்களும் பிரித்துக்கொள்கின்றன. பந்தியில் நாலு பேர் அளவுக்கு அதிகமாகச் சாப்பிட்டால் மற்றவர்களுக்குக் குறைவது போல, சில மரபணுக்கள் பெருமளவு ஏறினால் மற்றவை இறங்கியதாகத் தோன்றும். நார்மலைசேஷன் என்று சொல்வது இதைச் சரிக்கட்டத்தான்.

எனக்கு கோடிங் சுத்தமா வராது. பிளஸ் டூவில மேத்ஸ் வேண்டாம்னுதான் பயாலஜிக்கு வந்தேன். இது எனக்கு வருமா?

வரும். இரண்டு நாள் வெஸ்டர்ன் பிளாட் போட்டு, கடைசியில் பேண்ட் வரவில்லை என்றால் எந்தப் பஃபர் தப்பு, எந்த ஆன்டிபாடி பழசு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறீர்கள் அல்லவா? கோட் ஓடாதபோது செய்வதும் அதேதான். சிவப்பில் பிழைச்செய்தி வந்ததும் லேப்டாப்பை மூடிவிடும் பழக்கத்தை விட்டால் போதும். அந்தச் செய்தியின் கடைசி இரண்டு வரியை வாய்விட்டுப் படியுங்கள். பாதிக்குப் பாதி, கோப்பின் பெயரில் எழுத்துப்பிழையாகவோ மூடாத அடைப்புக்குறியாகவோதான் இருக்கும்.

என் அனுபவத்தில் கணினி அறிவியல் படித்துவிட்டு இதற்கு வருபவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். அவர்கள் கோட் முதல் நாளே ஓடிவிடும். கண்ட்ரோல் எது, எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பது புரியத்தான் மாதக்கணக்கில் ஆகும். உங்களுக்கு அது கையிலேயே இருக்கிறது.

ஆர் கத்துக்கிறதா, பைத்தான் கத்துக்கிறதா?

இந்த வேலைக்குப் புள்ளியியல் மொழியான ஆர். எந்த மரபணு ஏறியது, எது இறங்கியது என்று கணக்கிடும் டிஸீக்2, எட்ஜ்ஆர், லிம்மா ஆகிய மூன்று பேக்கேஜ்களும் 2001 இல் தொடங்கிய பயோகண்டக்டர் என்ற மென்பொருள் திட்டத்தில் இருக்கின்றன. அது முழுக்க ஆர் மேல் நிற்கிறது. லினக்ஸ் கட்டளைகளும் ஒரு இருபது தெரிய வேண்டும். பைத்தானைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேலக்ஸியில மவுஸ் கிளிக்லயே எல்லாம் பண்ணலாமாமே, அது போதாதா?

கோட் எழுதாமலே ஆய்வுக் கருவிகளை ஓட்டும் தளம் அது. தொடங்குவதற்கு அருமையான இடம். 2005 முதல் இருக்கிறது, இணையத்தில் இலவசம், ஐரோப்பிய சர்வர் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் ஓடுகிறது. நீங்கள் எந்தக் கருவியை எந்த அமைப்பில் ஓட்டினீர்கள் என்று அதுவே குறித்துவைத்துக்கொள்ளும். லேப் நோட்டுப் புத்தகம் எழுதச் சோம்பல்படுபவர்களுக்கு வரம். அதன் பயிற்சிப் பாடங்களும் நல்ல தரம். பழ ஈயில் பசில்லா மரபணுவைக் குறைத்துச் செய்த சோதனையின் 7 மாதிரிகளை வைத்து முதல் அடியிலிருந்து கொண்டுபோவார்கள்.

போதாமல் போவது கடைசிக் கட்டத்தில்தான். "இந்த 40 மரபணுக்களுக்கு மட்டும் ஹீட்மேப் வேண்டும், மாதிரிகளை இந்த வரிசையில் வை" என்று உங்கள் கைடு சொல்லும்போது கிளிக்கில் மல்லுக்கட்டுவதைவிட ஆரில் ஐந்து வரி எழுதுவது சுலபம். அதனால் எண்ணும் வரை கேலக்ஸி, அதற்கப்புறம் ஆர் என்று நடுவில் கோடு போட்டுக்கொள்ளச் சொல்வேன்.

என் லேப்டாப்ல 8 ஜிபி ரேம்தான் இருக்கு. ஓடுமா?

எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்தது. ரீட்களை மனித ஜீனோமோடு பொருத்தும் ஸ்டார் என்ற கருவிக்குச் சுமார் 30 ஜிபி வேண்டும். உங்கள் லேப்டாப் மூச்சுத் திணறிவிடும். அதே வேலைக்கான ஹைசாட்2 அதைவிடக் குறைவில் முடிக்கும். ஜீனோமை விட்டு, ஆர்என்ஏ வரிசைகளின் தொகுப்பான டிரான்ஸ்கிரிப்டோமை மட்டும் வைத்துச் சால்மன் என்ற கருவியை ஓட்டினால் 8 ஜிபியே போதும். எண்ணிய அட்டவணை கைக்கு வந்த பிறகு அது சில எம்பிதான்; டிஸீக்2 சில நிமிடங்களில் முடிந்துவிடும். கனமான பகுதியைக் கேலக்ஸிக்கோ உங்கள் நிறுவன சர்வருக்கோ தள்ளிவிட்டால் மீதி உங்கள் லேப்டாப்பில் நடக்கும்.

என் சொந்த டேட்டா வர ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் எதை வச்சுப் பழகுறது?

சொந்த டேட்டாவில் பழகாமல் இருப்பதே நல்லது என்பேன். விடை தெரிந்த டேட்டாவில் பழகுங்கள். அப்போதுதான் நீங்கள் தப்புச் செய்தால் உங்களுக்கே தெரியும். நான் எப்போதும் எடுப்பது 'ஏர்வே' என்ற டேட்டா. 2014 இல் வெளியானது. நான்கு பேரிடமிருந்து வந்த மூச்சுக்குழாய் மென்தசைச் செல்களை டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டில் 18 மணி நேரம் வைத்தும் வைக்காமலும் எடுத்த 8 மாதிரிகள். ஆஸ்துமாக்காரர்களுக்கு ஸ்டீராய்டு எப்படி வேலை செய்கிறது என்பது கேள்வி. பயோகண்டக்டரில் அதே பெயரில் ஒரு பேக்கேஜாகவே இருக்கிறது, எண்ணிய அட்டவணையோடு, சுமார் 64 ஆயிரம் வரிகள்.

சரியாகச் செய்திருந்தால் எஃப்கேபிபி5, பெர்1, டஸ்ப்1 ஆகியவை ஏறியிருக்க வேண்டும்; மூன்றும் ஸ்டீராய்டுக்கு ஏறும் என்று முன்பே தெரிந்த மரபணுக்கள். அந்த ஆய்வு புதிதாகக் காட்டியது கிரிஸ்ப்எல்டி2. இவை உங்கள் பட்டியலின் மேல்பக்கம் இல்லை என்றால் எங்கேயோ கோளாறு. சோதனையில் பாசிட்டிவ் கண்ட்ரோல் வைப்பீர்களே, அதுதான் இதுவும். பின்னால் வரும் பதில்களிலும் இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

மூணு நாள் ஒர்க்‌ஷாப் போனேன், சர்டிஃபிகேட்டும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தா ஒண்ணும் ஞாபகம் இல்லை. தப்பு என் மேலயா?

பெரும்பாலும் இல்லை. நம் ஊர்ப் பயிலரங்குகள் பலவற்றில் காலை முழுவதும் ஸ்லைடு, மதியம் இரண்டு மணி நேரம் ஹேண்ட்ஸ்-ஆன். அந்த ஹேண்ட்ஸ்-ஆனிலும் பிடிஎஃப்பில் இருக்கும் கட்டளையைக் காப்பி பண்ணிப் பேஸ்ட் பண்ணுவதுதான். சமையல் நிகழ்ச்சி பார்த்துச் சமையல் பழகியவர் யாருமில்லை. 1998 இல் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி இதற்கு எளிமையான முறை ஒன்றைப் பரப்பியது. ஆசிரியர் ஸ்லைடு இல்லாமல் எல்லார் முன்னாலும் தட்டச்சு செய்வார். மாணவர்கள் கூடவே தட்டச்சு செய்வார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு நிற ஒட்டுச்சீட்டு. முடித்துவிட்டால் ஒரு நிறம், மாட்டிக்கொண்டால் இன்னொரு நிறம் லேப்டாப் மேல் ஒட்டப்படும். கையைத் தூக்கக் கூச்சப்படும் நம் பிள்ளைகளுக்கு அந்தச் சீட்டு செய்யும் உதவியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆசிரியர் தப்பாகத் தட்டச்சு செய்து, பிழை வந்து, அதை அவரே சரிசெய்வதைப் பார்ப்பதும் ஒரு பாடம்.

இப்போது செய்யக்கூடியது: ஏர்வே டேட்டாவை எடுத்து, பழைய பிடிஎஃப்பைப் பார்க்காமல் ஒருமுறை முழுதாக ஓட்டுங்கள். மாட்டும் இடத்தில் மட்டும் திறந்து பாருங்கள். அடுத்த வாரம் இன்னொரு முறை. சர்டிஃபிகேட்டை ஃபைலில் வையுங்கள்.

எங்க காலேஜ்லயே இதை நடத்தலாம்னு இருக்கோம். என்ன தயார் பண்ணணும்?

முதலில் இன்டர்நெட்டை நம்பாதீர்கள். ஒரு கல்லூரியில் 40 பேர் ஒரே வைஃபையில் ஒரே நேரத்தில் பயோகண்டக்டர் பேக்கேஜ்களை இறக்க ஆரம்பித்தோம். மதியச் சாப்பாடு முடிந்தும் பட்டை நகரவில்லை. அன்று முழுவதும் கரும்பலகையில் வகுப்பு எடுத்தேன். இப்போதெல்லாம் ஒரு வாரம் முன்பே இன்ஸ்டால் செய்யும் முறையை அனுப்பி, முடிந்ததற்கான ஸ்கிரீன்ஷாட் கேட்கிறேன். அனுப்பாதவர்களுக்காக எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துப் போகிறேன், நாலைந்து.

கருவி படித்த ரீட்கள் அப்படியே இருக்கும் ஃபாஸ்ட்க்யூ கோப்புகளை முழுதாகக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு குரோமோசோமில் பொருந்தும் ரீட்களை மட்டும் பிரித்துக் கொடுத்தால், மணிக்கணக்கில் ஓடுவது ஐந்து நிமிடத்தில் முடியும். அப்புறம், பன்னிரண்டு பேருக்கு ஒருவராவது சுற்றிவர உதவியாளர் வேண்டும். புகழ்பெற்ற விருந்தினரைவிட முந்தைய பேட்சில் படித்த மாணவர்களே இதற்குச் சரி. எங்கே மாட்டும் என்று அவர்களுக்குத்தான் நினைவிருக்கும்.

சாம்பிளுக்கு எத்தனை ரெப்ளிகேட் வேணும்? மூணு போதும்னு கைடு சொல்றார்.

மூன்று என்பது தரைமட்டம். ஈஸ்ட்டில் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள், 2016 இல் வெளியானது. சாதாரண ஈஸ்ட், ஒரு மரபணு நீக்கிய ஈஸ்ட், ஒவ்வொன்றிலும் 48 ரெப்ளிகேட். பின் அதிலிருந்து மூன்று மூன்றாக எடுத்து, முழு டேட்டா காட்டிய மரபணுக்களில் எத்தனை திரும்பக் கிடைக்கின்றன என்று பார்த்தார்கள். பெரும்பாலான கருவிகளில் 20 முதல் 40 சதவீதம்தான் கிடைத்தது. நான்கு மடங்குக்கு மேல் மாறியவற்றில் மட்டும் 85 சதவீதத்தைத் தாண்டியது. குறைந்தது ஆறு வையுங்கள் என்பது அவர்கள் முடிவு. பெரிய மாற்றங்களைத் தேடுகிறீர்கள் என்றால் மூன்றில் ஓட்டிவிடலாம். நுட்பமான மாற்றம் என்றால் உங்கள் கைடிடம் இந்த எண்களைக் காட்டுங்கள். பணம் பற்றாவிட்டால் மாதிரிக்கு ரீட் எண்ணிக்கையைக் குறைத்து மாதிரிகளைக் கூட்டுவது பெரும்பாலும் நல்ல பேரம்.

ரெப்ளிகேட் என்றால் வேறு வேறு செடி, வேறு வேறு எலி. ஒரே ஆர்என்ஏ குழாயை மூன்றாகப் பிரித்து அனுப்பினால் அது உங்கள் பிப்பெட்டையும் கருவியையும் சோதிப்பதாகத்தான் ஆகும். ஒன்றுக்கு ஒன்று என்று ரெப்ளிகேட்டே இல்லாமல் வருபவர்களும் உண்டு. இப்போதைய டிஸீக்2 அதை ஓட்டவே மறுத்துவிடும். நான் வாதாட வேண்டியதில்லை.

கண்ட்ரோல் எல்லாம் திங்கட்கிழமை எடுத்தேன், ட்ரீட்மென்ட் எல்லாம் வியாழக்கிழமை. அதனால என்ன, சாஃப்ட்வேர்ல சரிபண்ணிக்கலாம்தானே?

முடியாது. மன்னிக்கவும், இந்தப் பக்கத்திலேயே கடுமையான பதில் இதுதான். திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவில் கிட் மாறியிருக்கலாம், ஆள் மாறியிருக்கலாம், கரண்ட் போய் ஃப்ரீசர் உருகியிருக்கலாம். நீங்கள் பார்க்கும் மாற்றம் மருந்தாலா கிழமையாலா என்று எந்தக் கணக்காலும் பிரிக்க இயலாது. இரண்டும் ஒன்றோடொன்று முழுதாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2014 இல் வந்த ஓர் ஆய்வில் மனிதத் திசுக்களையும் எலித் திசுக்களையும் ஒப்பிட்டபோது, மனித இதயம் எலியின் இதயத்தோடு சேராமல் மனிதக் கல்லீரலோடு சேர்ந்தது. அதாவது திசுவைவிட இனமே பெரிதாகத் தெரிந்தது. மறு வருடம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யோவ் கிலாடும் ஓர்னா மிஸ்ராஹி-மானும் ரீட் பெயர்களைத் தோண்டி, எந்த மாதிரி எந்தத் தொகுப்பில் (கருவியில் ஒன்றாக ஓட்டிய மாதிரிகளின் கூட்டம்) ஓடியது என்று கண்டுபிடித்தார்கள். ஐந்து தொகுப்புகளில் ஒன்றில் மட்டுமே இரண்டு இனங்களும் கலந்து இருந்தன. தொகுப்பைக் கணக்கில் சேர்த்ததும் மாதிரிகள் திசுவாரியாகச் சேர்ந்துகொண்டன.

ஆனால் இரண்டு கிழமையிலும் பாதி கண்ட்ரோல், பாதி ட்ரீட்மென்ட் எடுத்திருந்தால் கவலையில்லை. எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று டிஸீக்2வுக்குச் சொல்லும் டிசைன் சூத்திரத்தில் கிழமையையும் ஒரு காரணியாகச் சேர்த்துவிடலாம். ஏர்வேயிலும் இதுதான் நடக்கிறது: நான்கு பேரும் மருந்தோடும் மருந்தின்றியும் இருப்பதால் 'செல் + மருந்து' என்று எழுதி, ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைக் கழித்துவிடுகிறோம். அதனால்தான் மாதிரி அனுப்பும் முன் ஒருமுறை பேசுங்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சுகிறேன். அனுப்பிய பிறகு வருகிறவர்கள்தான் அதிகம்.

சீக்வென்சிங் பண்ணின கம்பெனியே ஹீட்மேப், வால்கேனோ பிளாட் எல்லாம் போட்டு ரிப்போர்ட் கொடுத்துட்டாங்க. அப்படியே பேப்பர்ல போட்டுடலாமா?

போடும் முன் சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: மூல ஃபாஸ்ட்க்யூ கோப்புகள், அவை சிதையாமல் வந்தனவா என்று சரிபார்க்கும் எம்டி5 எண்கள், லைப்ரரி கிட்டின் பெயர், ஜீனோம் பதிப்பு, எந்த மரபணு எங்கே என்று சொல்லும் அனோட்டேஷனின் பதிப்பு, கருவிகளின் பதிப்புகள். மூலக் கோப்பு இல்லாமல் ஜியோ (GEO) என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்திலோ, 2022 இல் ஃபரிதாபாத்தில் திறக்கப்பட்ட இந்திய உயிரியல் தரவு மையத்திலோ பதிவேற்ற முடியாது; பெரும்பாலான இதழ்கள் பதிவு எண் கேட்கும். கம்பெனிகள் சில மாதங்களில் தங்கள் சர்வரிலிருந்து அழித்துவிடுவார்கள்.

கிட் பெயர் எதற்கு என்றால், அது இழை திசையைக் காக்கும் கிட்டா இல்லையா என்று தெரிய வேண்டும். ரீட்களை எண்ணும் ஃபீச்சர்கவுண்ட்ஸ் கருவியில் அதற்கு 0, 1, 2 என்று மூன்று தேர்வு. இழை திசையைக் காக்கும் டியூடிபி முறைக்கு 2 போட வேண்டிய இடத்தில் 1 போட்டால் பெரும்பாலான ரீட்கள் எந்த மரபணுவிலும் சேராமல் விழுந்துவிடும். 'மரபணுவில் சேர்ந்தவை 5 சதவீதம்' என்று ஒரு ரிப்போர்ட்டில் பார்த்து, மாதிரி கெட்டுவிட்டது என்று ஒரு மாணவி அழுதுகொண்டிருந்தார். மாதிரி நன்றாகத்தான் இருந்தது. ஓர் எண்ணை மாற்றினோம்.

ஃபாஸ்ட்க்யூசியில சிவப்பு சிவப்பா குறி வந்திருக்கு. டேட்டா போச்சா?

ரீட்களின் தரம் பார்க்கும் அந்தக் கருவியின் குறிகள் ஜீனோம் டிஎன்ஏவை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. ஆர்என்ஏ-சீக்கில் இரண்டு இடத்தில் சிவப்பு வருவது சகஜம். ஒன்று, ரீட்டின் முதல் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளில் ஏ, டி, ஜி, சி விகிதம் ஆடுவது. சிடிஎன்ஏ ஆக்கத் தொடங்கிவைக்கும் ரேண்டம் ஹெக்ஸமர் உண்மையில் அவ்வளவு ரேண்டமாக ஒட்டாது. இரண்டு, நகல் ரீட்கள். மிக அதிகமாக வெளிப்படும் மரபணு என்றால் ஒரே துண்டு பலமுறை வரத்தான் செய்யும். நகல்களை நீக்கிவிடாதீர்கள், நீங்கள் அளக்க வந்ததே அதைத்தான். லைப்ரரி தயாரிப்பில் ஒட்டிய அடாப்டர் நிறைய இருப்பது, தரம் நடுவிலேயே சரிவது, ஒரே ஒரு மாதிரி மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நிற்பது, இவைதான் கவலைப்பட வேண்டியவை.

கம்பெனி டிபிஎம் மட்டும்தான் கொடுத்தாங்க. டிஸீக்2 முழு எண் கேக்குது. ரவுண்ட் பண்ணிப் போட்டேன், ஓடிடுச்சு. சரிதானே?

ஓடியதுதான் ஆபத்து. டிபிஎம் என்பது மரபணு நீளத்துக்கும் மொத்த ரீட்டுக்கும் ஏற்பச் சரிக்கட்டிய விகிதம். பத்து ரீட்டிலிருந்து வந்த விகிதத்தையும் பத்தாயிரம் ரீட்டிலிருந்து வந்த விகிதத்தையும் டிஸீக்2 ஒரே மாதிரி நம்பாது. எண்ணிக்கை சிறியதாக இருந்தால் சந்தேகத்தோடு பார்க்கும். டிபிஎம் ஆக்கும்போது அந்த எண்ணிக்கையே அழிந்துவிடுகிறது. மூல எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். சால்மன் ஓட்டியிருந்தால் அதன் கோப்புகளை டிஎக்ஸ்இம்போர்ட் என்ற ஆர் பேக்கேஜ் வழியாக உள்ளே எடுங்கள். அங்கே தசம எண்களைக் கையாள முறையான ஏற்பாடு இருக்கிறது. டிபிஎம் படம் போட உதவும்.

பி மதிப்பு 0.01 இருக்கு, ஆனா பி-அட்ஜ் 0.6ன்னு வருது. சில வரியில என்ஏன்னு வருது. எதை நம்புறது?

பி-அட்ஜை, அதாவது பல சோதனைகளுக்காகத் திருத்திய பி மதிப்பை. 20,000 மரபணுக்களைச் சோதிக்கிறீர்கள். மருந்து தண்ணீராகவே இருந்தாலும் 0.05க்குக் கீழே சுமார் 1,000 மரபணு சும்மாவே வந்து நிற்கும். பெஞ்சமினியும் ஹோக்பெர்க்கும் 1995 இல் கொடுத்த முறை இதற்குத்தான்: பட்டியலில் தப்பாக நுழைந்தவர்களின் பங்கை, வைத்துக்கொள்ளுங்கள், 5 சதவீதத்துக்குள் அடக்குவது. 'பி-அட்ஜ் பார்த்தா ஒண்ணுமே வரல, அதனால பி மதிப்பு எடுத்துக்கிட்டேன்' என்று எழுதிய தீசிஸ்கள் உண்டு. ஒன்றும் வராததற்குக் காரணம் பெரும்பாலும் ரெப்ளிகேட் பதிலில் இருக்கிறது.

பி-அட்ஜில் என்ஏ (மதிப்பு இல்லை) என்பது பிழை அல்ல. எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும் மரபணுக்களை டிஸீக்2 தானாகவே போட்டியிலிருந்து விலக்குகிறது. எப்படியும் ஜெயிக்காதவர்களைச் சேர்த்தால் மற்றவர்களுக்குத்தான் தண்டனை. ஒரு மாதிரியில் மட்டும் எண் தாறுமாறாக இருந்தாலும் என்ஏ வரும். அப்போது பி மதிப்பும் சேர்ந்து என்ஏ ஆகியிருக்கும்.

ஏற வேண்டிய மரபணு எல்லாம் இறங்கின மாதிரி காட்டுது. மருந்து தலைகீழா வேலை செய்யுதா?

மருந்து ஒழுங்காகத்தான் இருக்கிறது, அகரவரிசைதான் காரணம். எதை அடிப்படையாக வைத்து ஒப்பிடுவது என்று நீங்கள் சொல்லாவிட்டால், ஆர் ஆங்கில எழுத்து வரிசையில் முதலில் வருவதை எடுத்துக்கொள்ளும். ஏர்வேயில் மருந்து போட்டதற்கு 'டிஆர்டி', போடாததற்கு 'யுஎன்டிஆர்டி' என்று பெயர். டி முதலில் வருவதால் மருந்து போட்டதே கண்ட்ரோல் ஆகிவிடும். எஃப்கேபிபி5 அதலபாதாளத்தில் போய் நிற்கும். 'ரீலெவல்' கட்டளையில் அடிப்படையைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. விடை தெரிந்த டேட்டாவில் பழகச் சொன்னது இதற்காகத்தான். சொந்த டேட்டாவில் இது நடந்திருந்தால் தலைகீழ் முடிவுக்கு அழகான ஒரு விளக்கம் எழுதியிருப்பீர்கள்.

ரிசல்ட்டை எக்செல்ல திறந்தா திட்டுறீங்களே, ஏன்?

செப்ட்1, மார்ச்1 என்ற பெயரில் மரபணுக்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதியாக்கிவிடும். 2016 இல் எண்ணிப் பார்த்தபோது, எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் மனிதர்கள்தான் இறங்கிவந்தார்கள்: 2020 இல் மரபணுப் பெயர்க் குழு செப்ட்1ஐ செப்டின்1 என்றும் மார்ச்1ஐ மார்ச்எஃப்1 என்றும் மாற்றியது. 2023 இல் மைக்ரோசாஃப்ட்டும் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி கொடுத்தது. திறந்து பாருங்கள், தப்பில்லை. சேவ் பண்ணாதீர்கள்.

தேதி பரவாயில்லை, கண்ணில் படும். ஒரு நெடுவரிசையை மட்டும் சார்ட் செய்து பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டால் கண்ணில் படாது. டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2006 இல், எந்தக் கீமோ மருந்து யாருக்குக் கேட்கும் என்று மரபணு வெளிப்பாட்டை வைத்துச் சொல்லும் ஆய்வு வந்தது. ஹூஸ்டனில் கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும் அதைத் திரும்பச் செய்ய முயன்று, மரபணுப் பட்டியல் ஒரு வரி தள்ளிப்போயிருந்ததையும், மருந்து கேட்கும், கேட்காது என்ற லேபிள்கள் இடம் மாறியிருந்ததையும் கண்டார்கள். அதற்குள் நோயாளிகளை வைத்துச் சோதனைகள் தொடங்கிவிட்டிருந்தன. அவை நிறுத்தப்பட்டன, கட்டுரை 2011 இல் திரும்பப் பெறப்பட்டது. அந்த விவகாரத்தில் வேறு குற்றங்களும் பின்னால் தெரியவந்தன. ஆனால் ஒரு வரி தள்ளிப்போவது யார் கையிலும் நடக்கும். ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தால் எங்கே தள்ளியது என்று தேடவாவது முடியும்.

நான் நெல்லுல வேலை செய்றேன். என் மரபணு எண்ணும் பேப்பர்ல இருக்கிற எண்ணும் பொருந்தவே மாட்டேங்குது.

நெல்லுக்கு இரண்டு பெயர் முறை. ராப் என்ற ஜப்பானிய முறையில் 'ஓஎஸ்01ஜி0100100' என்று இருக்கும். எம்எஸ்யு என்ற அமெரிக்க முறையில் அதே மரபணு 'லாக்_ஓஎஸ்01ஜி01010'. ராப் தளத்திலேயே மாற்று அட்டவணை கிடைக்கும். ஆனால் ஒன்றில் ஒரு மரபணுவாக இருப்பது இன்னொன்றில் இரண்டாக உடைந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம். எனவே எண்ணும்போதே ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து முடிவு வரை அதிலேயே இருங்கள்.

இன்னொன்று, இரண்டு முறைகளும் நிப்பான்பாரே என்ற ஜப்போனிகா ரகத்தின் ஜீனோம் மேல் அமைந்தவை. உங்கள் தட்டில் இருப்பது பொன்னியோ ஐஆர்64ஓ என்றால் அது இண்டிகா. ரீட் பொருந்தும் சதவீதம் கொஞ்சம் குறைந்தால் பதற வேண்டாம். ஆனால் இண்டிகாவில் மட்டும் இருக்கும் மரபணுவை இந்த வழியில் பார்க்கவே முடியாது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்வே அனாலிசிஸ் எதுல போட்டாலும் ஒரே பதில்தான் வருது. என் இலையில போட்டாக்கூட ஃபோட்டோசிந்தசிஸ்னு வருது!

இலையில் ஒளிச்சேர்க்கை வராமல் என்ன வரும்? பின்னணிப் பட்டியலில்தான் தப்பு. 'என் 300 மரபணுக்களில் ஒளிச்சேர்க்கை அதிகமா?' என்று கேட்கும்போது எதைவிட அதிகம் என்று சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் பல கருவிகள் மொத்த ஜீனோமையும் எடுத்துக்கொள்ளும். வேர், பூ, விதையில் மட்டும் வெளிப்படும் மரபணுக்களும் அதில் அடக்கம். அவற்றோடு ஒப்பிட்டால் எந்த இலைப் பட்டியலும் இலை மாதிரிதான் தெரியும். உங்கள் இலையில் எண்ணிக்கை கிடைத்துச் சோதனைக்குள் வந்த மரபணுக்களை மட்டும் பின்னணியாகக் கொடுங்கள். அதாவது பி-அட்ஜில் என்ஏ ஆகாதவை.

கோட் எல்லாம் சாட்ஜிபிடியே எழுதித் தருதே. நான் ஏன் கத்துக்கணும்?

எழுத வையுங்கள், நானும் செய்கிறேன். ஓடாத கோடால் யாருக்கும் கெடுதல் இல்லை. இந்தப் பக்கத்தில் மேலே உள்ள தப்புகளைத் திரும்பப் பாருங்கள்: டிபிஎம்மை ரவுண்ட் செய்தது, அகரவரிசையில் கண்ட்ரோல் மாறியது, பின்னணி விட்டுப்போனது. எல்லாமே ஓடிய கோட். பிழைச்செய்தி ஒன்றுகூட வராது. திங்கட்கிழமை, வியாழக்கிழமை விஷயம் உங்கள் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லாமல் அதற்குத் தெரியாது. எழுதித் தந்ததை முதலில் ஏர்வேயில் ஓட்டி, எஃப்கேபிபி5 மேலே வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சொந்த டேட்டாவுக்குப் போங்கள்.

கியூபிசிஆர்ல சரிபார்த்தேன், ரெண்டு மரபணு பொருந்தல. ரிவியூவர் கேட்டா என்ன சொல்றது?

பிரைமர் எந்த எக்ஸானில் உட்காருகிறது என்று முதலில் பாருங்கள். ஆர்என்ஏ-சீக் மரபணு முழுவதையும் சேர்த்து எண்ணியிருக்கும்; உங்கள் பிரைமர் அதே மரபணுவின் ஆர்என்ஏ வடிவங்களில் ஒன்றை (ஐசோஃபார்ம்) மட்டும் பிடிக்கலாம். அடுத்து, நீங்கள் நம்பியிருக்கும் ஹவுஸ்கீப்பிங் மரபணு உங்கள் ட்ரீட்மென்ட்டில் அசையாமல் இருக்கிறதா என்று உங்கள் அட்டவணையிலேயே பாருங்கள். அசைந்திருந்தால் தப்பு கியூபிசிஆர் பக்கம். சீக்வென்சிங்குக்கு அனுப்பிய அதே ஆர்என்ஏவில் செய்தால் கருவியைத்தான் சோதிக்கிறீர்கள். புதிதாக வளர்த்த செடியில் செய்தால் ரிவியூவரிடம் சொல்ல உருப்படியான ஒன்று இருக்கும்.

இப்ப எல்லாரும் சிங்கிள் செல்லுக்குப் போயிட்டாங்க. அதுல பத்தாயிரம் செல் இருக்கே, ரெப்ளிகேட் பிரச்சினையே இல்லைதானே?

ஆர்என்ஏவைச் செல் செல்லாகத் தனித்தனியே எண்ணினாலும் அதே பழைய பிரச்சினை, வேறு சட்டை. ஓர் எலியிலிருந்து எடுத்த 5,000 செல்லும் ஓர் எலிதான். ஒரே குழாயை மூன்றாகப் பிரித்தவரைப் பற்றி மேலே சொன்னேனே, இவர் 5,000 ஆகப் பிரித்திருக்கிறார், அவ்வளவுதான். செல்களை ரெப்ளிகேட்டாக எண்ணினால் பி மதிப்புகள் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் போய்க் கண்ணைப் பறிக்கும், நம்ப முடியாது. ஒவ்வொரு எலிக்கும் ஒவ்வொரு செல் வகைக்கும் எண்ணிக்கைகளைக் கூட்டி, சூடோபல்க் என்பார்கள், அந்த அட்டவணையை டிஸீக்2வில் போடுங்கள். மூன்று எலிக்கு மூன்று எலி என்றால் ஆறு நெடுவரிசைதான் இருக்கும். போன வாரம் இதைச் சொன்னபோது ஒருவர், "அப்போ இவ்வளவு செலவு பண்ணினது?" என்றார். எந்தச் செல் வகையில் மாற்றம் என்று தெரிகிறதே, அதற்குத்தான் அந்தச் செலவு என்றேன். மனமில்லாமல் எலிகளை எண்ணப் போனார்.